விஞ்ஞானப் பேரறிஞர் மேகநாத் சாகா

எமது சங்கத்தின் ஆண்டு மலரிலே பெரியார் ஒருவரின் சரிதத்தை வெளியிடுவது வழக்கம். அருளாளர், புலவர், நாட்டுக்கு உழைத்தோர் ஆகியோரின் வாழ்வே பெரும்பாலும் இப்பக்கங்களை அணிசெய்யும். இம்முறை நாம் விஞ்ஞானி ஒருவரைத் தெரிந்தெடுத்தோம். விஞ்ஞானிக்கும் இந்து வாலிபர் சங்கத்துக்கும் யாது தொடர்பு எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். தொடர்பு இரண்டு உண்டு. ஒன்று எமது கடற்கரை மணலிலே கிடக்கிறது. மற்றது எமது சோற்றுப் பந்தியிலே கிடக்கிறது. இரண்டையும் முறையே சொல்வோம்.

திருக்கோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கே சென்றால் புல்மோட்டைக் கடற்கரையை அடையலாம். அங்கே மணலிற் கருமை படர்ந்திருக்கும். இல்மனைட்டு, ரூத்தைல், சிர்க்கன் ஆகிய கனிப்பொருள்கள் அம்மணலிற் செறிந்துள்ளன. அவற்றோடு மொனசைட்டு என்னும் கனிப்பொருளும் சிறிதளவு உண்டு. மொனசைட்டினுள்ளே தோரியம் என்னும் உலோகம் இருக்கிறது. இந்தத் தோரியம் பூமியில் உண்டானதன்று, சூரியனில் உண்டானதுமன்று. சூரியன் பிறப்பதற்கு முன்னரே, வானவெளியில் நிகழ்ந்த பெரும் ஊழிகளிலே, கண்ணிமைப் பொழுதும் நில்லாத அணுக்கருக்கள் நியூத்திரன்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவர்ந்தமையால் உண்டான பொருள் அது. கோணேசப் பெருமானுக்குச் சாத்தும் பொன்னாபரணத்திலுள்ள பொன்னிற் பெரும்பகுதியும் அவ்வாறு பிறந்ததே.

அந்தப் பிறப்பைக் கணக்கிடுவதற்கு இன்று உலகெங்கும் விஞ்ஞானிகள் கையாளும் கணக்கின் அடிப்படையிலே சமன்பாடு ஒன்று உண்டு. அதற்குச் சாகா சமன்பாடு என்று பெயர். அதனை 1920ஆம் ஆண்டிலே, வேறொரு பொருளை விளக்கும் பொருட்டு எழுதியவர், வங்காளத்துப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவரின் மகன். அவர் சரிதமே இது.

பிறப்பும் இளமையும்

மேகநாத் சாகா 1893ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 6ஆம் திகதி, டாக்கா நகருக்கு அண்மையிலுள்ள சியோராதலி என்னும் சிற்றூரிலே பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. தந்தையார் ஜகந்நாத் சாகா. தாயார் புவனேசுவரி தேவி. பிள்ளைகள் எண்மர், அவருள் இவர் ஐந்தாமவர். பிறந்த இரவிலே இடியும் மழையும் புயலும் வீட்டை அலைக்கழித்தமையால், மேகத்துக்கு அதிபதி என்னும் பொருள்படப் பெயரிட்டனர் என்பர். பின்னாளில் அவர் தம் பெயரின் ஈற்றெழுத்தைச் சிறிது மாற்றி, மேகத்தின் நாதம் என்னும் பொருள்பட அமைத்துக்கொண்டார். தமிழில் இரண்டையும் மேகநாதன் என்றே எழுதுவோம். மேகநாதன் என்பது இராவணன் மைந்தன் இந்திரசித்தின் இயற்பெயர் என்பதை, இராவணன் வெட்டைத் தினந்தோறும் பார்த்து வாழும் எமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

கடையின் வருவாய் குடும்பத்தின் வயிற்றுக்கே போதாது. பிள்ளை எழுதவும் கணக்குப் பார்க்கவும் அறிந்தாற் போதும், பின்பு கடையில் அமரட்டும் என்பது தந்தையாரின் எண்ணம். ஊரிலே ஆரம்பப் பாடசாலைக்கு மேல் வேறு பாடசாலை இல்லை. அடுத்த பாடசாலை ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால், சிமூலியா என்னும் ஊரில் இருந்தது. தமையனார் ஜயநாத் தம்பிக்காகப் பரிந்துபேசினார். சிமூலியாவில் அனந்தகுமார் தாஸ் என்னும் வைத்தியர் தம் வீட்டிலே சிறுவனுக்கு உண்டியும் உறையுளும் இலவசமாகக் கொடுக்க இசைந்தார். தன் உணவுத் தட்டைத் தானே கழுவ வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பன நிபந்தனைகள். சிறுவன் இரண்டையும் செய்தான், படித்தும் வந்தான். பரீட்சையில் டாக்கா மாவட்டம் முழுவதிலும் முதல்வனாகத் தேறி, மாதம் நான்கு ரூபா உபகாரச் சம்பளம் பெற்றான். சணல் ஆலையிலே மாதம் இருபது ரூபாச் சம்பளத்துக்கு உழைத்த தமையனார், அதில் ஐந்து ரூபாவைத் தம்பிக்கு அனுப்பினார்.

இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த வைத்தியர் பெரும் தருமம் ஒன்றையும் செய்தாரல்லர். ஓர் இலை சோறும், படுக்க ஒரு மூலையும் கொடுத்தார். அந்த ஒரு மூலை இல்லையாயின், நட்சத்திரங்களின் கணக்கு எழுதவேண்டிய கை பருப்பு நிறுத்துக்கொண்டே ஓய்ந்திருக்கும்.

வங்கம் பிரிந்த ஆண்டு

1905ஆம் ஆண்டு சாகா டாக்கா அரசினர் பாடசாலையிற் சேர்ந்தார். அவ்வாண்டிலேதான் ஆங்கில அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. நாடு கொந்தளித்தது. ஆளுநர் பம்பைல்டு புல்லர் பாடசாலைக்கு வருகை தந்தபோது மாணவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வெதிர்ப்பிற் பங்குகொண்டார் என்ற குற்றத்துக்காகச் சாகா வேறு சிலருடன் பாடசாலையினின்றும் நீக்கப்பட்டார். உபகாரச் சம்பளமும் போயிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அது சிறிய அடியன்று. ஆயினும் கிசோரிலால் யூபிலிப் பாடசாலை அவரை ஏற்றுக்கொண்டது. 1909ஆம் ஆண்டு நடைபெற்ற பிரவேசப் பரீட்சையிலே கிழக்கு வங்காள மாணவருள் முதலிடம் பெற்றார். பின்பு டாக்காக் கல்லூரியிற் கற்று, 1911ஆம் ஆண்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும். உடன் கற்றவர்களுள் ஒருவர் சத்தியேந்திரநாத் போஸ். பட்டப் பரீட்சையிலும், 1915இல் முதுமாணிப் பரீட்சையிலும் போஸ் முதல்வர், சாகா இரண்டாமவர். ஒரே வகுப்பில் இப்படி இரு மேதைகள் அமர்ந்திருந்தமை வங்காளம் செய்த தவமே.

இந்து விடுதியிலே

ஆனால் அதே நாட்களில் நடந்த வேறொன்றையும் நாம் மறைக்கலாகாது. சாகா வகுப்பினர் வணிகத் தொழிலினர். அக்கால வங்காளத்தின் மேற்சாதியார் அவர்களைத் தாழ்ந்தவராகவே கருதினர். கல்கத்தாவில் சாகா தங்கியது ஈடன் இந்து விடுதியில். அவ்விடுதி மாணவர் சிலர், அவரோடு ஒரே உணவு மண்டபத்தில் இருந்து உண்ண மறுத்தனர். அவர் புறத்தே இருந்து உண்ண நேர்ந்தது. கலைமகள் பூசையின்போது பூசைமேடைக்கு அருகில் நின்றமைக்காக அவர் விலக்கப்பட்டார் என்றும் அவர் சரிதம் எழுதியோர் கூறுவர். கல்விக்குத் தெய்வமாகிய அன்னையின் சந்நிதியிலே, அவ்விடுதியிற் கல்வியால் மிக உயர்ந்த பிள்ளைகளுள் ஒருவனைத் தள்ளி நிறுத்தினர்!

விடுதியின் பெயர் இந்து விடுதி. எமது சங்கத்தின் பெயரிலும் அச்சொல் உண்டு. ஆதலால் இச்செய்தியை வங்காளத்தார் செய்த பிழை என்று சொல்லி நாம் கடந்துவிட முடியாது.

சாகா விடுதியை விட்டு வெளியேறினார். மனம் கசந்து படிப்பை விட்டாரல்லர்; பழிவாங்கவும் எண்ணினாரல்லர். ஆயினும் பிறப்பினால் உயர்வு தாழ்வு கூறும் வழக்கத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மன்னித்தாருமல்லர். உண்மையைச் சொல்வதனால் எவர் முகம் சுளிப்பினும் அஞ்சாத அவரது சுபாவம், அந்த உணவு மண்டபத்தின் வாசலிலே வளர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம்.

சூரியனின் கணக்கு

அரசாங்க நிதிச் சேவைப் பரீட்சை எழுத அவர் விரும்பினார். விடுதலை இயக்கத்தாரோடு பழக்கமுடையவர் என்ற காரணத்தால் அனுமதி கிடைக்கவில்லை. துவிச்சக்கர வண்டியில் ஏறி வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலங்கழித்தார். அப்பொழுது கல்கத்தாச் சர்வகலாசாலையில் விஞ்ஞானக் கல்லூரியை நிறுவியிருந்த சேர் அசுதோஷ் முகர்ஜி, சாகாவையும் போசையும் விரிவுரையாளராக அழைத்தார். கணிதம் கற்ற இருவரும் தாமே பௌதிகம் கற்று, அதனைப் பிறருக்கும் கற்பித்தனர். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். கல்கத்தாச் சர்வகலாசாலை அதனை 1920இல் வெளியிட்டது.

வறுமை அங்கும் அவரை விடவில்லை. ஒளியின் அழுத்தம் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்றை அமெரிக்காவின் வானியற் சஞ்சிகை முழுமையாக அச்சிடுவதற்கு, அச்சுச் செலவிற் பங்கு கேட்டது. கொடுக்க அவரிடம் பணமில்லை. அக்கட்டுரை உரிய இடத்தில் உரிய வேளையில் முழுமையாக வெளிவராமற் போயிற்று.

1920ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இலண்டனில் வெளியாகும் தத்துவச் சஞ்சிகை என்னும் விஞ்ஞான ஏட்டில், சூரியனின் புறமண்டலத்தில் அணுக்கள் அயனாதல் பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. அதன் சாரத்தை எமது துறைமுகத்தைக் கொண்டு விளக்குவோம்.

கரையிலே ஒரு தோணித்துறை இருக்கிறது என்க. தோணிகள் வந்து கட்டப்படுகின்றன. கயிறு அறுந்து கடலிலே போகின்றன. ஒரு நாழிகையில் வருவன எத்தனையோ அத்தனையே போவனவாயின், கட்டிநிற்கும் தோணிகளின் தொகை மாறாமல் இருக்கும். அத்தொகை எத்துணை என்பதை மூன்று காரியங்கள் தீர்மானிக்கும். கயிறு எவ்வளவு உறுதியானது? கடல் எவ்வளவு கொந்தளிக்கிறது? கட்டுவதற்கு வரக்கூடிய தோணிகள் கடலில் எத்தனை அலைகின்றன? இங்கே துறை என்பது அணு. தோணி என்பது இலத்திரன். கயிற்றின் உறுதி என்பது இலத்திரனைப் பிரித்தெடுக்க வேண்டிய சக்தி. கொந்தளிப்பு என்பது வெப்பம். அலையும் தோணிகளின் நெருக்கம் என்பது சுயாதீன இலத்திரன்களின் அடர்த்தி. இம்மூன்றையும் அறிந்தால், எத்தனை அணுக்கள் இலத்திரனை இழந்து நிற்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். இதுவே சாகா சமன்பாடு.

அதுவரை வானியலார் நட்சத்திரங்களை அவற்றின் நிறமாலையில் தோன்றும் கோடுகளைப் பார்த்து வகுப்புகளாகப் பிரித்து வைத்திருந்தனர். ஏன் அவ்வாறு வேறுபடுகின்றன என்பது தெளிவாக விளங்கவில்லை. ஒரு நட்சத்திரத்திலே கல்சியக் கோடு மிக்கிருந்தால் அங்கே கல்சியம் மிகுதி என்று பலர் எண்ணினர். வேறுபாட்டுக்குப் பெரும் காரணம் பொருளன்று, வெப்பமே என்று சாகா காட்டினார். சூரியனிலே காணப்படாத ருபீடியம் என்னும் உலோகம், வெப்பம் குறைந்த சூரியக் கரும்புள்ளிகளிலே தோன்றும் என அவர் சொல்லியிருந்தார்; பின்னர் அமெரிக்க வானியலார் ரசல் அதன் கோட்டை அங்கேயே கண்டார். 1925இல் சிசிலியா பெயின் என்னும் இளம் பெண்மணி இச்சமன்பாட்டைக் கொண்டே நட்சத்திரங்களின் பொருள்களை அளந்து, அங்கே ஐதரசனே மிகுதி என்று கண்டார். நட்சத்திரம் எதனால் ஆனது என்னும் கேள்விக்கு மனிதகுலம் கண்ட முதற் கணக்குமுறை விடை கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

சாகா இலண்டனிலே பவுலர் என்பாரின் ஆய்வுகூடத்திலும், பெர்லினிலே நேர்ன்ஸ்ட் என்பாரின் ஆய்வுகூடத்திலும் தங்கி உழைத்துத் திரும்பினார். 1923 முதல் 1938 வரை அலகாபாத்துச் சர்வகலாசாலையிற் பேராசிரியராக இருந்தார். 1927இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பலமுறை முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை.

அணுக்கருவின் பக்கம்

1932இல் சாட்விக் என்பார் நியூத்திரனைக் கண்டார். 1934இல் ரோமாபுரியிலே பெர்மி என்பார், வேகம் தணிந்த நியூத்திரன்களை அணுக்கருக்கள் எளிதிற் கவர்கின்றன என்று காட்டினார். 1938இன் முடிவிலே ஜெர்மனியில் யுரேனிய அணுக்கரு பிளக்கப்பட்டது. அவ்வாண்டிலே கல்கத்தாவுக்குத் திரும்பியிருந்த சாகா, வருங்காலம் எத்திசையிற் செல்கிறது என்பதைக் கண்டுகொண்டார். 1940இலேயே முதுமாணி வகுப்பில் அணுக்கருப் பௌதிகத்தைப் பாடமாக்கினார். தம் மாணாக்கர் நாக்சௌதுரியை அமெரிக்காவிலே லோரன்ஸ் என்பாரிடம் பயிற்றுவித்து, சைக்கிளோத்திரன் என்னும் பொறியைக் கல்கத்தாவில் அமைக்க முற்பட்டார். அப்பொறிக்கு வேண்டிய வெற்றிடப் பம்பிகளை ஏற்றிவந்த கப்பலை ஜப்பானியர் மூழ்கடித்தனர். 1942 ஏப்ரலில் எமது துறைமுகத்தின்மீது குண்டு விழுந்த கதையைப் பாட்டனார் வாயிலாகக் கேட்டவர்களுக்கு, அந்தப் போர் கல்கத்தாவில் ஓர் ஆய்வுகூடத்தையும் தட்டிச் சென்றது என்பது புதுச் செய்தியாக இருக்கும்.

ஆயினும் அவர் விடவில்லை. பெரும்பாலும் உள்ளூரிலேயே பொறிகளைச் செய்வித்து, அணுக்கருப் பௌதிக நிலையம் ஒன்றை நிறுவினார். 1950ஆம் ஆண்டு சனவரி 11ஆம் திகதி, கியூரி அம்மையாரின் மகளாகிய ஐரீன் ஜோலியோ கியூரி அதனைத் திறந்து வைத்தார். அந்நிலையம் இன்று சாகாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. நட்சத்திரங்களின் உள்ளே நிகழும் அணுக்கரு மாற்றங்களை ஆராய்வதற்கென ஒரு வேகவளர்த்தியும் இன்று அங்கே உண்டு.

நாட்டுப்பணி

விஞ்ஞானி ஆய்வுகூடத்துக்குள் அடைந்து கிடத்தல் ஆகாது என்பது சாகாவின் கொள்கை. வெள்ளத்தால் அழியும் கிராமங்களைக் கண்ட அவர், தாமோதர் நதியைக் கட்டுப்படுத்தும் திட்டத்துக்காக எழுதியும் பேசியும் வந்தார். 1935இல் விஞ்ஞானமும் கலாசாரமும் என்னும் பொருள்படும் பெயரோடு ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கினார். 1947இல் வங்காளம் பிரிந்தபோது, கிழக்கிலிருந்து வெறுங்கையோடு வந்த மக்களுக்காக உழைத்தார். தாம் பிறந்த ஊரும் அந்நிய நாடாயிற்று. அகதி என்னும் சொல்லின் பாரத்தை எமது மாவட்டத்தாருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1952இல் எக்கட்சியும் சாராத வேட்பாளராக நின்று பாராளுமன்றம் புகுந்தார்.

பஞ்சாங்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 1952இல் அமைக்கப்பட்ட பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவுக்குச் சாகாவே தலைவர். பாரதத்தின் பல பாகங்களிலும் வழங்கிய பஞ்சாங்கங்களைத் தொகுத்து ஆராய்ந்த அக்குழு, பழைய கணிதத்தின்படி ஆண்டின் நீளம் சிறிது மிகுந்திருப்பதால், ஏறக்குறைய 1400 ஆண்டுகளில் 23 நாட் பிழை சேர்ந்துவிட்டது என்று காட்டியது. பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச்சு 21 அளவில் வர, நாம் சித்திரைப் புத்தாண்டை ஏப்ரல் நடுப்பகுதியிற் கொண்டாடுவது இதனாலேயே. குழுவின் அறிக்கை 1955இல் வெளியாயிற்று. 1957 மார்ச்சு 22 முதல் இந்திய அரசு சக ஆண்டுக் கணக்கை ஏற்றது. வாக்கியமா திருக்கணிதமா என்று வாதாடும் எமது பெரியோர், சாகாவின் முடிவை ஏற்பினும் மறுப்பினும், அளந்து பார்த்துப் பேசும் அவர் முறையை ஏற்பர் என நம்புகிறோம்.

1956ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் திகதி, புதுடில்லியிலே திட்டக் குழுவின் அலுவலகத்துக்கு நடந்து சென்றுகொண்டிருந்தபோது, மார்படைப்பினால் வீழ்ந்து உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 62.

அவர் மறைந்தபின்

உடல் மறைந்தது, கணக்கு மறையவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டிலேதான் அக்கணக்குப் புதிய பிறவி எடுத்தது.

1957இல் பேர்பிட்ச் தம்பதியர், பவுலர், ஹொயில் ஆகிய நால்வர் ஒரு கட்டுரையாலும், கமரன் என்பார் தனியாகவும், கனமான மூலகங்கள் நட்சத்திரங்களிலே எவ்வாறு பிறக்கின்றன என்பதை விளக்கினர். அவர்கள் குறித்த பவுலர் அமெரிக்கர். சாகா தங்கிய ஆய்வுகூடத்துப் பவுலர் வேறு. அணுக்கரு ஒன்று நியூத்திரனைக் கவர்ந்தால் சிறிது கனக்கும். மேன்மேலும் கவர்ந்தால் நிலைகெடும். நிலைகெட்ட அணுக்கருவினுள்ளே ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாற, பொருள் அடுத்த மூலகமாகிவிடும். இது மெல்ல நிகழ்வதும் உண்டு. விரைய நிகழ்வதும் உண்டு. மெல்ல நிகழும் வழி பிசுமதோடு நின்றுவிடும். தோரியமும் யுரேனியமும் பிறப்பதற்கு விரைந்த வழியே வேண்டும். அங்கே நியூத்திரன்கள் பெருவெள்ளமாகப் பாய, நிலையற்ற அணுக்கரு ஒன்று மாறுவதற்கு அவகாசமின்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கவர்ந்துகொண்டே போகும்.

ஆனால் அவ்விடத்து வெப்பம் நூறு கோடிப் பாகை அளவினது. ஆகையால் காமாக் கதிர்கள் அணுக்கருவிலிருந்து நியூத்திரனை அடித்துப் பெயர்க்கவும் செய்யும். வருவனவும் போவனவும் சமமாகும். எமது தோணித்துறையை மீண்டும் நினையுங்கள். துறை இப்பொழுது அணுவன்று, அணுக்கரு. தோணி இலத்திரனன்று, நியூத்திரன். கயிற்றின் உறுதி என்பது நியூத்திரனைப் பிரித்தெடுக்க வேண்டிய சக்தி. கணக்கு அதே சாகா கணக்கு! சூரியனின் மேற்பரப்புக்காக எழுதப்பட்ட சமன்பாடு, பொன்னும் தோரியமும் பிறக்கும் உலைக்களத்திலும் பொருந்தி நின்றது. அவர் இதை எழுதிவைத்தாரல்லர். பிறர் எடுத்து விரித்தனர். நல்ல வித்து, விதைத்தவன் காணாத வயலிலும் முளைக்கும்.

இனி, இன்றைய ஆய்வாளர் எதிர்நோக்கும் இடர் யாது? உலைக்களம் சில நொடிகளிற் பரந்து தணிகிறது. தணியவே சமநிலை குலைகிறது. அதன்பின் தோணிகளின் தொகையைப் பொதுக் கணக்கினாற் சொல்ல முடியாது. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு தோணியை எவ்வளவு விரைவிற் கட்டும் என்பதைத் தனித்தனியே அறிய வேண்டும். அதாவது, ஆயிரக்கணக்கான நிலையற்ற அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் நியூத்திரனைக் கவரும் வேகம் வேண்டும். இவ்வேகத்தை நேரே அளத்தல் அரிது. அவ்வணுக்கருக்களிற் பல ஒரு நொடியிற் சிறு பங்கே நிற்பன. அவற்றைத் திரட்டி இலக்காக வைக்க முடியாது. தனித்த நியூத்திரனோ சராசரி ஏறக்குறைய 15 நிமிடமே நிற்பது. அதனையும் திரட்டி வைக்க முடியாது.

ஆகவே மாதிரி அமைத்துக் கணக்கிடுகின்றனர். 1952இல் ஹவுசர், பெஷ்பாக் என்னும் இருவர் வகுத்த முறையே இதற்கு அடிப்படை. நியூத்திரனைக் கவர்ந்த அணுக்கரு, மேலதிகமான சக்தியைக் காமாக் கதிராக வெளியிட்டு அடங்குமா, அன்றி நியூத்திரனையே திருப்பி விடுமா என்பதை அது நிகழ்தகவாகச் சொல்லும். ஆனால் அறிந்த அணுக்கருக்களிலிருந்து விலக விலக, வெவ்வேறு மாதிரிகள் தரும் விடைகள் பத்து மடங்கும் நூறு மடங்கும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டைக் குறைக்கவே ஜப்பானிலும் ஜெர்மனியிலும், 2022இற் புதிய நிலையம் திறக்கப்பட்ட அமெரிக்காவின் மிச்சிகனிலும், அரிய அணுக்கருக்களைக் கணப்பொழுது உண்டாக்கி, அவற்றின் திணிவையும் ஆயுளையும் அவை விடும் காமாக் கதிர்களையும் அளந்து, கவரும் வேகத்தை மறைமுகமாக அறிகின்றனர்.

2017 ஆகத்து 17ஆம் திகதி, பதின்மூன்று கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு நியூத்திரன் நட்சத்திரங்கள் மோதிய நிகழ்வை உலகம் கண்டது. முதலில் ஈர்ப்பலையும், பின் ஒளியும் வந்தன. அவ்வொளி தணிந்த விதம், கனமான மூலகங்கள் அங்கே புதிதாகப் பிறந்தன என்பதை அறிவித்தது. அம்மோதலில் எவை எவ்வளவு பிறந்தன என்று கணக்கிடுவோர் கையில் இன்றும் சாகாவின் சமன்பாடு இருக்கிறது. அந்த ஒளியின் நிறமாலையைப் படிப்பதற்கும் அவர் 1920இல் எழுதிய அதே அயனாக்கக் கணக்கே துணை.

நாம் செய்யத்தக்கது

மணலின் தொடர்பைச் சொன்னோம். பந்தியின் தொடர்பையும் சொல்லி முடிப்போம்.

எமது மாவட்டத்திலே மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் நகரத்துப் பாடசாலைகளுக்கு வருகின்றனர். முன்னாளில் மூதூரிலிருந்து இலாஞ்சியேறி வந்தோர் கதையைப் பெரியோர் அறிவர். இன்று பாதையும் பாலமும் உண்டு. ஆயினும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்க விரும்பும் வறிய பிள்ளைக்கு, மாலையிற் பாடம் முடிந்தபின் தங்க ஒரு மூலை வேண்டும். சிமூலியாவின் வைத்தியர் கொடுத்தது அவ்வளவே. எமது அங்கத்தவருள் வீட்டில் இடமுள்ளோர் ஒரு பிள்ளைக்கு இரண்டாண்டு இடம் கொடுப்பின், அது திருவிழாவில் ஒரு நாள் அன்னதானத்தினும் குறைந்த புண்ணியமாகாது.

அடுத்தது, கொடுக்கும் முறை. திருவிழாக் காலத்திலே பந்தி போடுகிறோம். பந்தியில் யார் எங்கே இருப்பது, யார் பரிமாறுவது, யார் கையிற் பூசைத் தட்டைக் கொடுப்பது என்பவற்றில் பழைய கணக்குகள் முற்றாக ஒழிந்துவிட்டனவா? வெளியே ஒழிந்தன போலத் தோன்றினும், சில வீடுகளின் அடுக்களை வாசலில் இன்னும் நிற்கின்றன என்பதை நாம் ஒருவரையொருவர் நோக்கி மறுக்க முடியாது. ஈடன் இந்து விடுதியில் சாகாவோடு உண்ண மறுத்த மாணவரும் படித்தவர்களே. பூசையும் விரதமும் தவறாதவர்களாகவும் இருந்திருக்கலாம். அவர்கள் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. அவர்கள் புறத்தே நிறுத்திய பிள்ளையின் பெயரோ, நட்சத்திரம் உள்ளளவும் நிற்கும் கணக்கோடு கலந்துவிட்டது.

ஆதலின் இளைஞர்களே, சாகாவைப் படியுங்கள். பௌதிகத்தை விரும்புவோர் அவர் சமன்பாட்டைக் கற்று, புல்மோட்டை மணலின் பிறப்பைத் தேடிச் செல்லுங்கள். அக்கணக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் கைக்கும் அதில் இடமுண்டு. பௌதிகம் வேண்டாதோர் அடுத்த பந்தியிலே, தயங்கி வாசலில் நிற்கும் பிள்ளையைக் கண்டால், கைபிடித்து அழைத்து வந்து உங்கள் அருகில் இருத்துங்கள். அப்பிள்ளை யாரென்று நமக்கு இப்போது தெரியாது.

அனைவர்க்கும் கோணேசப் பெருமான் திருவருள் கைகூடுவதாக.